பென்சில் கோடுகள்

போன வருடம் வீடு மாறினோம். வீடு மாறியவர்களுக்குத் தெரியும், புத்தகங்களைப் பெட்டியில் கட்டுவதைப்போல நேரத்தைத் தின்கிற வேலை வேறில்லை. ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே நாலு பக்கம் படித்து, கீழே வைத்து, அடுத்ததை எடுத்து... "வண்டி வந்துரும், அப்புறமா படிச்சுக்கலாம்" என்று சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். அப்போது என் கையில் இருந்தது வால்டர் ஐசக்ஸன் எழுதிய ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்க்கை வரலாறு. வெள்ளை அட்டை. தாடையில் விரலை வைத்துக்கொண்டு நம்மை எடை போடுவதுபோலப் பார்க்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். முதல் பக்கத்தில் வாங்கிய மாதத்தை எழுதி வைத்திருந்தேன்: ஜனவரி 2012.

படிக்கும்போது பென்சிலால் கோடு போடும் பழக்கம் எனக்கு அந்தக் காலத்தில் இருந்தது. பிரித்த பக்கத்தில் ஒரு கோடு. அடுத்ததில் இரண்டு. கடைசிப் பகுதியில் ஓர் இடத்தில் ஓரத்தில் பெரிதாக, என் கையெழுத்தில் "இதுதான்!" என்று எழுதியிருந்தது. எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அந்தப் பத்தியைப் படித்தேன். 2008இல் ஆப்பிள் வெளியிட்ட மொபைல்மீ என்ற சேவை சொதப்பிவிடுகிறது. ஜாப்ஸ் அந்த டீம் முழுவதையும் ஓர் அரங்கத்தில் உட்கார வைத்து, இது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். யாரோ பதில் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் அதைச் செய்யவில்லை என்று கெட்ட வார்த்தை போட்டுத் திட்டுகிறார். அதே இடத்தில், அத்தனை பேர் முன்னால், பொறுப்பாளரையும் மாற்றுகிறார்.

இதற்குத்தான் நான் "இதுதான்!" என்று எழுதியிருக்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தை மட்டும் பெட்டியில் போடாமல் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

*

2012இல் எனக்கு 26 வயது. ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஜாப்ஸ் இறந்தது 2011 அக்டோபர் 5ஆம் தேதி. புத்தகம் அதே மாதம் 24ஆம் தேதி வந்துவிட்டது. அந்த மாதங்களில் ஆபீஸில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டர் திரையில் அவர் முகம்தான். 2005இல் ஸ்டான்ஃபோர்டு பட்டமளிப்பு விழாவில் அவர் பேசிய பேச்சை ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்கள் டீமில் ஒருவரிடமும் ஐஃபோன் கிடையாது. ஆனால் எல்லோரிடமும் ஜாப்ஸ் இருந்தார்.

600 பக்கத்துக்கு மேல் உள்ள அந்தப் புத்தகத்தை மூன்று வாரத்தில் பஸ்ஸிலேயே முடித்தேன். எங்களைப் போன்றவர்கள் அதில் மயங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. நாங்கள் எழுதுகிற கோடை யாரும் பார்க்கப் போவதில்லை. எங்கோ ஒரு வெளிநாட்டு க்ளையண்ட்டின் சர்வரில் அது ஓடும். ஓடினால் சரி. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் வரிசைகள் அழகாக இல்லை என்று சண்டை போட்ட ஒருவரைப் பற்றிப் படித்தால் எப்படி இருக்கும்? போர்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு இன்ஜினியர் கேட்கிறார். பெட்டிக்குள்ளேதான் இருக்கப்போகிறது என்றாலும் அழகாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் ஜாப்ஸ். மெக்கின்டாஷ் வெளிவந்தது 1984இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே அந்த டீமில் இருந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பெட்டியின் உட்புறத்தில் பதிக்க ஏற்பாடு செய்துவிடுகிறார். வாங்குகிறவர் கண்ணில் அது படவே படாது. அந்தப் பத்தியைப் படித்தபோது பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை.

ஆனால் நான் அந்தப் பத்திக்குக் கோடு போடவில்லை. அதைத்தான் இப்போது பார்க்கிறேன். கோடு போட்டதெல்லாம் வேறு இடங்களில். அவருக்கு மனிதர்கள் இரண்டே வகை: மேதை, இல்லையென்றால் உதவாக்கரை. செய்கிற வேலையும் இரண்டே வகை: அற்புதம், இல்லையென்றால் குப்பை. நடுவில் ஒன்றும் கிடையாது. காலையில் குப்பை என்று சொன்ன யோசனையை, ஒரு வாரம் கழித்துச் சொன்னவரிடமே வந்து தன் யோசனைபோலச் சொல்வார். முடியாது என்பதை முடியும் என்று எதிரில் இருப்பவரை நம்ப வைத்துவிடுவார். கூட வேலை பார்த்த பட் டிரிபிள் என்பவர் ஸ்டார் டிரெக் தொடரிலிருந்து இதற்கு ஒரு பெயரே எடுத்து வைத்தார்: ரியாலிட்டி டிஸ்டார்ஷன் ஃபீல்டு. நிஜத்தையே வளைக்கிற ஒரு புலம். இதையெல்லாம் ஒருவரின் குணக்கேடு என்று நான் படிக்கவில்லை. செய்முறைக் குறிப்பு மாதிரி படித்தேன்.

*

2014இல் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். எட்டுப் பேர். அதில் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிகம் பேச மாட்டாள். வேலையைச் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வாள். க்ளையண்ட்டின் கிடங்குக் கணக்கைக் காட்டுகிற ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து முடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டெமோ.

பட்டனை அழுத்தினாள். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 11 வினாடி.

எனக்கு உடனே அந்தப் புத்தகத்தின் ஓர் இடம் ஞாபகம் வந்தது. மெக்கின்டாஷ் ஆன் ஆவதற்கு அதிக நேரம் எடுக்கிறது என்று லாரி கென்யன் என்ற இன்ஜினியரிடம் ஜாப்ஸ் போய் நிற்கிறார். ஒரு உயிரைக் காப்பாற்ற முடியும் என்றால் பத்து வினாடியைக் குறைப்பாயா என்று கேட்கிறார். பிறகு போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். 50 லட்சம் பேர் இதைப் பயன்படுத்தினால், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து வினாடி, வருடத்துக்கு இத்தனை மணி நேரம், அது குறைந்தது நூறு மனித ஆயுளுக்குச் சமம். கென்யன் சில வாரம் கழித்து வருகிறார். 28 வினாடி குறைந்திருக்கிறது.

நான் எழுந்து நின்றேன். "இந்தப் பக்கத்தை மூவாயிரம் பேர் ஒரு நாளைக்கு இருபது தடவை திறப்பாங்க. வருஷத்துக்கு எத்தனை மனுஷ ஆயுள் வீணாகும்னு கணக்குப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மூணு வாரம் என்ன பண்ணிட்டிருந்த? இது குப்பை. இதை க்ளையண்ட்கிட்டக் காட்டினா நம்மள எவன் மதிப்பான்?" இன்னும் கொஞ்சம் பேசினேன். அதையெல்லாம் இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் புரொஜெக்டர் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். கடைசியில், "சரிங்க, பார்க்கிறேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு லீட் மாதிரி நடந்துகொண்டேன் என்று தோன்றியது. ஆறரை மணிக்கு மெயில்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, படிக்காமல் கிடந்தவற்றில் அவள் அனுப்பிய மெயில் ஒன்று இருந்தது. அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்கு இண்டெக்ஸ் இல்லை, அதனால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, இண்டெக்ஸ் சேர்க்க உங்கள் அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தாள். கீழே அதற்கான கட்டளையையும் எழுதி இணைத்திருந்தாள். அனுமதி கொடுக்கிற அதிகாரம் டீமில் எனக்கு மட்டும்தான்.

"அப்ரூவ்டு" என்று ஒரு வார்த்தை பதில் போட்டேன். திங்கட்கிழமை பக்கம் இரண்டு வினாடிக்குள் திறந்தது. "பார்த்தீங்களா, சொன்னா நடக்குதில்ல" என்று ஒருவன் என்னிடம் சொன்னான். நான் சிரித்தேன்.

ஆறு வாரத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். அந்த மெயிலைப் பற்றி அவளிடமும் பேசவில்லை, வேறு யாரிடமும் பேசவில்லை.

*

புது வீட்டில் பெட்டிகளைப் பிரிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் புத்தகத்தை முழுக்க இரண்டாம் தடவை படித்துவிட்டேன். இந்த முறை கையில் நீலப் பேனா.

முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் வாயில் வைத்துக்கொண்டு திரிந்த கணக்கு. ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. 50 லட்சம் பேர், ஆளுக்குப் பத்து வினாடி என்றால் ஒரு நாளைக்கு 5 கோடி வினாடி. கிட்டத்தட்ட 14,000 மணி நேரம். வருடத்துக்குச் சுமார் 50 லட்சம் மணி நேரம். புத்தகத்தில் இருப்பதோ 30 கோடி மணி நேரம். அறுபது மடங்கு வித்தியாசம். அதாவது 30 கோடி என்பது நிமிடக் கணக்கு. எங்கேயோ நிமிடம் மணி ஆகிவிட்டிருக்கிறது. 75 வயது வாழ்கிற ஒருவருக்குக் கிடைப்பது ஆறரை லட்சம் மணி நேரம் என்றால், ஜாப்ஸ் காப்பாற்றச் சொன்னது நூறு ஆயுளை இல்லை. எட்டு ஆயுள்கூட நிறையவில்லை.

எட்டு ஆயுளும் பெரிய விஷயம்தான். கென்யன் 28 வினாடியைக் குறைத்ததும் நடந்த விஷயம்தான். கணக்கு தப்பாக இருந்தும் காரியம் நடந்தது என்று ஜாப்ஸ் பக்கம் ஒருவர் வாதாடலாம். என் கணக்கையும் போட்டேன். மூவாயிரம் பேர், இருபது தடவை, தடவைக்குப் பத்து வினாடி, வருடத்துக்கு 250 வேலை நாள். நாலே முக்கால் வருடம் வந்தது. ஒரு ஆயுளில் பதினாறில் ஒரு பங்கு. "எத்தனை ஆயுள்" என்று கேட்டவன் நான். ஒரு ஆயுள்கூட இல்லை. ஜாப்ஸ் கணக்குப் போட்டுக்காட்டிவிட்டு வேலையைக் கேட்டார். நான் கணக்கே போடாமல் ஒருத்தியைத் தலைகுனிய வைத்தேன்.

அடுத்து நீலப் பேனா நின்ற இடம் பால் ஜாப்ஸ். ஸ்டீவைத் தத்தெடுத்து வளர்த்த அப்பா. பள்ளிப் படிப்பை முடிக்காதவர், கடலோரக் காவல்படையில் இருந்தவர், பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்றவர். மவுண்டன் வியூவில் இருந்த வீட்டுக்கு வேலி போடும்போது மகனையும் கூட வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர் கண்ணில் படாத பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே இழைத்துச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார். சர்க்யூட் போர்டு சண்டைக்கெல்லாம் விதை அங்கேதான் இருக்கிறது. ஜாப்ஸே ஐசக்ஸனை அழைத்துப் போய் அந்த வேலியைக் காட்டுகிறார். ஐம்பது வருடம் கழித்தும் அது நிற்கிறது. முதல் வாசிப்பில் இதை ஒரு நல்ல கதை என்று தாண்டிப் போயிருக்கிறேன். இந்தத் தடவை எனக்குப் பட்டது வேறு. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அந்த மனிதர் ஒரு குழந்தைக்குச் சத்தம் போடாமல் கற்றுக்கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நிற்க வைத்து, கையில் சுத்தியலைக் கொடுத்து. பிடிவாதமும் வசையும் ஒட்டிப் பிறந்தவை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்பதற்குச் சாட்சி அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருந்திருக்கிறது.

அதே அப்பாவும் அம்மாவும் சேமிப்பையெல்லாம் போட்டு அவரை ரீட் கல்லூரியில் சேர்க்கிறார்கள். கல்லூரி வாசலில் அவர்களை உள்ளே வரவிடாமல், சரியாக விடைகூடச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார் ஸ்டீவ். தன் வாழ்க்கையில் தான் வெட்கப்படுகிற விஷயங்களில் அது ஒன்று என்று பின்னாளில் ஐசக்ஸனிடம் சொல்கிறார். இந்த இடத்தில் பென்சிலும் இல்லை, ஒன்றும் இல்லை. சுத்தமான வெள்ளைப் பக்கம். நான் என் அப்பாவை காலேஜ் ஹாஸ்டல் கேட்டோடு திருப்பி அனுப்பியவன். கோடு போடாமல் போனதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

பிறகு ஸ்டீவ் வாஸ்னியாக். 1975இல் அட்டாரி நிறுவனத்துக்காக பிரேக்அவுட் என்ற விளையாட்டை இருவரும் நாலே நாளில், தூக்கமில்லாமல் முடிக்கிறார்கள். வடிவமைப்பு முழுக்க வாஸ்னியாக். 700 டாலர், ஆளுக்குப் பாதி என்று ஜாப்ஸ் சொல்கிறார். 350 டாலரை வாங்கிக்கொண்டு வாஸ்னியாக் போய்விடுகிறார். குறைந்த சிப்களில் முடித்ததற்காக அட்டாரி தனியாகப் பெரிய போனஸ் கொடுத்தது என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரிய வருகிறது. பணம் தேவை என்று சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்பதுதான் அவருடைய வருத்தம். அப்படி நடக்கவில்லை என்பது ஜாப்ஸின் பதில்.

டேனியல் காட்கே கதை இன்னும் மோசம். ரீட் கல்லூரி சிநேகிதர். 1974இல் நீம் கரோலி பாபாவைத் தேடி இந்தியாவில் ஜாப்ஸோடு அலைந்தவர். இவர்கள் வருவதற்குள் பாபா இறந்துபோயிருந்தார். ஆப்பிள் கராஜில் இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை பார்த்தவர் காட்கே. 1980 டிசம்பரில் ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் கோடீஸ்வரர்கள் ஆகிறார்கள். காட்கேவுக்கு ஒரு பங்குகூட ஒதுக்கப்படவில்லை. மனசு கேட்காமல் ராட் ஹோல்ட் என்ற இன்ஜினியர் ஜாப்ஸிடம் போய், நீ எவ்வளவு கொடுக்கிறாயோ அதே அளவு நானும் கொடுக்கிறேன் என்கிறார். அப்படியானால் நான் கொடுப்பது பூஜ்யம் என்கிறார் ஜாப்ஸ். வாஸ்னியாக் தன் சொந்தப் பங்குகளிலிருந்து எடுத்து, விடுபட்டவர்களுக்குக் கொடுக்கிறார்.

அதே மாதம், பங்கு வெளியீட்டுக்குச் சில நாள் முன்புதான் இன்னொரு வழக்கும் முடிகிறது. 1978இல் பிறந்த லிசா தன் மகள் இல்லை என்று ஜாப்ஸ் சாதித்துக்கொண்டிருந்தார். மரபணுப் பரிசோதனை 94 சதவீதத்துக்கு மேல் பொருந்துகிறது என்ற பிறகு, மாதம் 500 டாலர் தர ஒப்புக்கொள்கிறார். இத்தனைக்கும் அப்போது ஆப்பிளில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு லிசா என்றுதான் பெயர். மகளின் பெயர்தான் அது என்று பல வருடம் கழித்து ஒத்துக்கொள்கிறார். பார்க்கப்படாத இடத்திலும் அழகு வேண்டும் என்ற மனிதர், தன் வாழ்க்கையில் ஊர் பார்க்காத பக்கத்தில் நின்றிருந்த குழந்தையை இப்படி விட்டிருக்கிறார். லிசா 2018இல் ஸ்மால் ஃப்ரை என்ற தலைப்பில் தன் பக்கத்தை எழுதினார். ஐசக்ஸனைப் படித்தவர்கள் அதையும் படிக்க வேண்டும் என்று சொல்வேன். ஒரு வாழ்க்கையைப் பின்பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய புத்தகம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் ஐசக்ஸனுக்கும் ஜாப்ஸுக்கும் நியாயமாகாது. ஜாப்ஸ் அவருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை பேட்டி கொடுத்தார். எதிரிகளிடமும் பேசச் சொன்னார். எழுதியதை முன்கூட்டிப் படிக்க மாட்டேன் என்றார். அட்டை விஷயத்தில் மட்டும் தலையிட்டார்! பூசி மெழுக வேண்டாம் என்று மனைவி லாரீனும் ஐசக்ஸனிடம் சொல்கிறார். ஒரு திருகாணியின் நிறத்தைக்கூட அடுத்தவர் கையில் விடாதவர், தன் வாழ்க்கையை அடுத்தவர் கையில் விட்டுவிட்டார். எதற்காக என்று ஐசக்ஸன் கேட்கிறார். என் பிள்ளைகள் என்னைத் தெரிந்துகொள்ளட்டும், நான் அவர்களோடு எப்போதும் இருக்கவில்லை என்கிற மாதிரி ஒரு பதில் வருகிறது. அங்கே நீலப் பேனாவால் கோடு போட்டேன்.

மெக்கின்டாஷ் டீமில் வருடத்துக்கு ஒருவருக்கு ஒரு விருது கொடுத்தார்கள். ஜாப்ஸை யார் நன்றாக எதிர்த்து நின்றார்களோ அவருக்கு. முதல் இரண்டு தடவையும் வாங்கியவர் ஜோனா ஹாஃப்மன். தன் கணக்குகளை ஜாப்ஸ் மாற்றிவிட்டார் என்று தெரிந்ததும், அவரைக் கத்தியால் குத்தப்போகிறேன் என்று அவருடைய உதவியாளரிடம் சொல்லிவிட்டே அறைக்குள் போனவர். ஜாப்ஸ் கேட்டுக்கொண்டார், இறங்கியும் வந்தார். அந்த விருது பற்றி அவருக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. என் டீமில் அப்படி ஒரு விருது இல்லை. எனக்குத் தெரியாமல் யாராவது வைத்திருந்தால், அன்றைக்கு "சரிங்க, பார்க்கிறேன்" என்று சொன்னவளுக்கு அது கிடைத்திருக்காது. அவளால் முடிந்த எதிர்ப்பு ஒன்பது நாள் முன்னால் அனுப்பிய மெயில்தான்.

*

இரண்டாம் வாசிப்பு முடிகிற சமயத்தில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து பீடா வாங்குகிற இடத்தில், "அண்ணா!" என்று ஒருவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அந்த எட்டுப் பேரில் ஒருவன். இப்போது பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். இருபது பேர் அவனுக்குக் கீழே.

"உங்ககிட்ட திட்டு வாங்கினதாலதான்ணா நான் இன்னைக்கு இங்க இருக்கேன்" என்றான். "நானும் இப்ப பசங்களை அப்படித்தான் வெச்சிருக்கேன். ரெண்டு போடு போட்டாத்தான் வேலை நடக்குது."

கேட்க நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நிமிடம் நன்றாகவே இருந்தது. பிறகுதான் இந்த வாக்கியத்தை எங்கோ படித்திருக்கிறோமே என்று உறைத்தது. அந்தப் புத்தகம் முழுக்க இருப்பது இதுதான். அவரிடம் அடிபட்டவர்களில் பலர், அவர் இல்லையென்றால் அப்படி ஒரு வேலையைச் செய்திருக்கவே மாட்டோம் என்று சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொல்கிறார்கள். ஐசக்ஸன் நூறு பேருக்கு மேல் பேட்டி எடுத்திருக்கிறார். நூறு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய உயரத்தில் இருப்பவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு போய், அப்புறம் அந்தத் தொழிலின் பக்கமே வராதவர்களை எந்த எழுத்தாளர் தேடிப் பிடிப்பார்? நன்றி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் தப்பிப் பிழைத்தவர்கள்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணுண்ணா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "ஓ, அவங்களா... ஐடி வேலையே வேணாம்னு ஊருக்குப் போய்ட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நம்பரெல்லாம் யாருகிட்டயும் இல்ல. ஏண்ணா?"

"சும்மாதான்" என்றேன். மெயிலைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தத் திட்டில் பாதி பொய் என்று தெரிந்தால், பெங்களூரில் இருபது பேருக்கு ஏதாவது கொஞ்சம் மாறியிருக்கலாம். கல்யாண வீட்டில் எதற்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஐசக்ஸன் புத்தகத்தில் வாஸ்னியாக் சொல்கிற ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. மெக்கின்டாஷை என் போக்கில் நடத்தியிருந்தால் எல்லாம் குளறுபடி ஆகியிருக்கும், ஆனால் இரண்டு பேர் போக்கையும் கலந்திருந்தால் அது ஜாப்ஸ் நடத்தியதைவிட நன்றாக வந்திருக்கும் என்கிறார். முந்நூற்றைம்பது டாலரை வாங்கிக்கொண்டு போனவர் பேசுகிற நிதானம் இது. முதல் வாசிப்பில் இந்த இடத்தில் பென்சில் கோடு இல்லை. அப்போது எனக்கு வாஸ்னியாக் ஒரு அப்பாவி. ஜெயித்தவர் பக்கத்தில் நிற்கிற அப்பாவி.

ஜாப்ஸை நான் வெறுக்கவில்லை. இதைப் போனில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். விரலால் தொட்டால் திரை நகர்வதில் அவர் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2003 அக்டோபரில் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, அறுவை சிகிச்சையை ஒன்பது மாதம் தள்ளிப் போட்டுப் பழச்சாறும் பத்தியமுமாக இருந்தார். நிஜத்தை வளைக்கிற வித்தை அவருடைய உடம்பிடமும் பலிக்கும் என்று நம்பியிருக்கிறார். பின்னால் அதற்காக வருத்தப்படுகிறார். அந்தப் பக்கங்களை இரண்டாம் முறை படித்தபோது ஒரு வயசான சிநேகிதனைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது ஒன்று, எடுத்துக்கொண்டது வேறு. அதில் அவருடைய தப்பு எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. அவருடைய திறமையில் நூறில் ஒரு பங்குகூட இல்லாதவர்களுக்கு அவரிடமிருந்து சுலபமாகக் கிடைப்பது அவருடைய வாய்தான். அதை மட்டும் பெரிய கஷ்டம் இல்லாமல் பழகிவிடலாம்.

*

நாலு மாதம் முன்னால், டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் என் மேஜையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, படிச்சிட்டுத் தரட்டுமா?" என்று கேட்டான். ஒரு நிமிடம் தயங்கினேன். பழைய கோடுகளை ரப்பர் வைத்து அழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். அழிக்கவில்லை.

மறுநாள் வந்து கேட்டான். "உள்ள பென்சில்ல ஒருத்தர் கோடு போட்டிருக்காங்க, பேனாவுல ஒருத்தர் போட்டிருக்காங்க. ரெண்டு பேரு படிச்ச புக்காண்ணா?"

"ஆமா" என்றேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை. நம் ஊரில் இரவல் போன புத்தகத்தின் கதை தெரிந்ததுதானே. நானும் கேட்கவில்லை. டீமில் யார் மெயில் அனுப்பினாலும் அன்றைக்கே திறந்துவிடுகிறேன்.